அங்கிள் சூ: கோட்டுக்கு வெளியே நின்றவர்

நம் ஆண்டுமலரில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பெரியவரின் வாழ்க்கை இடம்பெறுவது வழக்கம். அவர் தமிழறிஞராகவோ சமூகத் தலைவராகவோ சீர்திருத்தவாதியாகவோ இருப்பார். இந்த முறை நான் எடுத்துக்கொண்டவர் தமிழர் அல்லர். மேடையில் முழங்கியவரும் அல்லர். சேறு படிந்த காற்பந்துத் திடலில் வாழ்நாளைக் கழித்த ஒரு சீனப் பயிற்றுநர். பெயர் சூ செங் குவீ. அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. அங்கிள் சூ என்று சொன்னால், ஐம்பது வயதைக் கடந்த எந்தச் சிங்கப்பூரருக்கும் முகம் மலரும்.

தமிழ் மலரில் இவருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கட்டுரை முடிவதற்குள் பதில் சொல்லிவிட முயல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் மலேசியாவில், பேராக் மாநிலத்தில் பிறந்தவன். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, அதன் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. இப்போது இங்கே இறுதியாண்டு மாணவன். எங்கள் வீட்டில் காற்பந்து என்றால் ஆர். ஆறுமுகம்தான். சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காத்த அந்த நீண்ட கைக்காரரைச் சிலந்தி மனிதன் என்று ஊரே அழைத்தது. 1988இல் அவர் சாலை விபத்தில் இறந்ததைப் பற்றி அப்பா இன்றும் குரல் தழுதழுக்கத்தான் பேசுவார். அந்த ஆறுமுகத்தின் காலத்துச் சிங்கப்பூர் அணியைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான் அங்கிள் சூ எனக்கு அறிமுகமானார்.

தேக்காவுக்குப் பக்கத்துத் திடல்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் சாலைக்குச் சாப்பிடப் போகாதவர் நம்மில் யார்? அங்கே சாப்பிட்டுவிட்டு ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் நடந்திருப்பீர்கள். அந்தச் சாலைக்கு அப்பெயர் வரக் காரணம், 1840களில் தொடங்கி 1933 வரை அங்கே குதிரைப் பந்தயத் திடல் இருந்ததுதான். பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறிய பிறகு அந்த இடம் பொதுமக்களின் விளையாட்டுத் திடலானது. அதுதான் ஃபேரர் பார்க்.

அங்கிருந்து சிராங்கூன் சாலையைக் கடந்து, குறுக்குத் தெருக்கள் வழியாகக் கால் மணி நேரம் நடந்தால் டிர்விட் சாலையில் ஜாலான் புசார் விளையாட்டரங்கம் வரும். 1929 டிசம்பரில் திறக்கப்பட்ட அரங்கம் அது. காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் வரும்வரை சிங்கப்பூர்க் காற்பந்தின் தாய்வீடு அதுதான்.

இந்த இரண்டு திடல்களுக்கும் காற்பந்து தவிர இன்னொரு வரலாறும் உண்டு. 1942 பிப்ரவரி 17ஆம் நாள், பிரிட்டிஷ் படையில் இருந்த பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் ஃபேரர் பார்க்கில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். இந்தியத் தேசிய ராணுவத்தின் கதை தொடங்குவது அங்கேதான். அடுத்த நாளிலிருந்து, ஜாலான் புசார் வட்டாரத்தில் சீன ஆண்கள் வரிசையில் நிறுத்தப்பட்டுச் சோதிக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் வீடு திரும்பவே இல்லை. கால் மணி நேர நடைத் தூரத்தில் இரண்டு இனங்கள் தத்தம் துயரத்தைத் தனித்தனியே சுமந்த வாரம் அது. பின்னாளில் அதே வட்டாரத்துத் திடல்களில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் ஒரே பந்தைத் துரத்தினார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது.

மூன்று நாடுகளின் ஆசான்

சூ செங் குவீ 1914 டிசம்பர் 1ஆம் நாள் சிங்கப்பூரில் பிறந்தார். 1930களில் சீனர் அணிக்காகவும் சிங்கப்பூருக்காகவும் நடுத் தற்காப்பு ஆட்டக்காரராக ஆடினார். அன்று காற்பந்து இனவாரியாகத்தான் பிரிந்து கிடந்தது. சீனருக்கு ஒரு சங்கம், மலாய்க்காரருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று, ஐரோப்பியருக்கு ஒன்று. மலாயாக் கிண்ணப் போட்டி வரும்போதுதான் எல்லாரும் ஒரே சட்டையை அணிவார்கள். அந்தக் கிண்ணம் 1921இல் தொடங்கியது. எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் அன்பளித்தது. முதல் ஆண்டே அதை வென்றது சிங்கப்பூர். பின்னாளில், 1967இல், அது மலேசியக் கிண்ணம் ஆயிற்று.

போருக்குப் பிறகு அவர் பயிற்றுநரானார். அவருடைய பெயர் முதலில் ஓங்கியது சிங்கப்பூருக்கு வெளியில்தான். 1950களின் தொடக்கத்தில் இந்தோனேசியா அவரை அழைத்தது. புதிதாக விடுதலை பெற்ற நாடு அது. 1951இல் புதுடில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுகளுக்கு அவர்கள் அணி சென்றது. அங்கே இந்தியாவிடம் 3-0 என்று தோற்றது. அந்த இந்திய அணிதான் தங்கப் பதக்கம் வென்றது.

அடுத்து மலாயா. 1957இல் விடுதலை பெற்றதும் துங்கு அப்துல் ரஹ்மான் மெர்டேக்கா கிண்ணப் போட்டியைத் தொடங்கினார். நாட்டின் பிரதமரே காற்பந்துச் சங்கத்தின் தலைவராகவும் இருந்த காலம். 1958இல் அங்கிள் சூ மலாயாவின் பயிற்றுநரானார். அவ்வாண்டே மலாயா கிண்ணத்தை வென்றது. 1959இலும் வென்றது. 1960இல் தென்கொரியாவுடன் பகிர்ந்துகொண்டது. கோல் மன்னன் கனி மின்ஹாட் கொடிகட்டிப் பறந்த ஆண்டுகள் அவை. எங்கள் நாட்டின் காற்பந்துப் பெருமை அங்கேதான் தொடங்குகிறது என்று படித்தே வளர்ந்தவன் நான். ஆனால் அதன் பின்னால் நின்றவர் ஒரு சிங்கப்பூரர் என்பதை எனக்கு அங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

பிறகு அவர் ஊர் திரும்பினார். 1966இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் சிங்கப்பூர் அரையிறுதி வரை சென்று நான்காம் இடம் பெற்றது. தனி நாடாகி ஓராண்டுக்குச் சற்று மேல் மட்டுமே ஆகியிருந்த நிலையில் அது பெரிய செய்தி.

கண்டிப்பும் கனிவும்

அங்கிள் சூவின் பயிற்சி கடுமையானது. அன்றைய ஆட்டக்காரர்கள் யாரும் முழுநேரத் தொழிலர் அல்லர். சிங்கப்பூரில் எஸ்-லீக் வந்ததே 1996இல்தான். பகலெல்லாம் அலுவலகத்திலோ பட்டறையிலோ வேலை பார்த்துவிட்டுத் திடலுக்கு வரும் இளைஞர்கள் அவர்கள். அவர்களை அவர் ஓட ஓட விரட்டினார். களைப்பு என்ற சொல் அவரிடம் செல்லாது. நேரம் தவறினால் கோபம் வரும். ஒழுங்கு தவறினால் அதைவிடப் பெரிய கோபம் வரும். தலைமுடி நீளமாக இருந்தால் வெட்டிக்கொண்டு வரவேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. பயிற்சிக்கு முன் ஆட்டக்காரர்களை நிற்கவைத்துத் தேசிய கீதம் பாடச் சொல்வார். இன்று கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்தக் காலத்தை எண்ணிப் பாருங்கள். அந்த அணியில் இருந்த எல்லாருமே பிரிட்டிஷ் கொடியின் கீழ் பிறந்தவர்கள். சிலர் பள்ளியில் படிக்கும்போது மலேசியக் கொடி ஏறியது, பிறகு அது இறங்கியது. 1965க்குப் பிறகு நம் நாடு எது என்ற கேள்விக்குப் பலர் மனத்தில் தெளிவான பதில் இல்லை. பதில் தானாக வரும் என்று அவர் காத்திருக்கவில்லை. தினமும் பாடிப் பாடி அதை நெஞ்சில் பதியவைத்தார். மாணவருக்குப் பெருக்கல் வாய்பாட்டை மனப்பாடம் செய்யவைக்கும் ஆசிரியர் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கண்டிப்புக்குப் பின்னால் பாசம் இருந்தது. தந்தை போலத் திட்டுவார், தந்தை போலவே கவனித்துக்கொள்வார். அதனால்தான் யாரும் அவரைப் பயிற்றுநர் என்று அழைக்கவில்லை. மலாய்க்காரப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் அவர் அங்கிள்தான். நம் வீடுகளில் அப்பாவின் நண்பரை மாமா என்று அழைப்பதில்லையா? அந்த உரிமை அது.

மேலதிகாரிகளிடம் மட்டும் அவருக்கு வளைந்து கொடுக்கத் தெரியவில்லை. மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுவார். எனவே பொறுப்புக்கு வருவதும் விலகுவதுமாகவே அவர் காலம் போயிற்று. தேவைப்படும்போது அழைப்பார்கள், சர்ச்சை வந்தால் அனுப்பிவிடுவார்கள். மறுபடியும் அழைத்தால் அவர் வந்துவிடுவார்.

இங்கிலாந்திலிருந்து வந்தவர்களும் உள்ளூர்க்காரரும்

1965இல் கிண்ணம் வென்றதோடு சரி. அதன் பிறகு ஆண்டுகள் ஓடின, கிண்ணம் வரவில்லை. 1970களில் சிங்கப்பூர் வெளிநாட்டுப் பயிற்றுநர்களையும் நாடியது. அவர்களில் ஒருவர் டிரெவர் ஹார்ட்லி. இவர் 1974-75இல் போர்ன்மத் குழுவின் நிர்வாகியாக இருந்தவர். இன்று பிரிமியர் லீக் பார்க்கும் நமக்குப் போர்ன்மத் தெரிந்த பெயர். ஆனால் அந்தக் குழு முதன்முதலாகப் பிரிமியர் லீக்கை எட்டியதே 2015இல்தான். ஹார்ட்லியின் காலத்தில் அது மூன்றாம் பிரிவில் இருந்தது. அந்தப் பருவத்தின் முடிவில் நான்காம் பிரிவுக்கும் இறங்கியது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் கீழ்ப்பிரிவுக் குழுக்களில் உழைத்தவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஆனால் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. மூன்று நாடுகளுக்குப் பயிற்சி தந்தவர் நம் வாசலிலேயே இருக்கும்போது, கடல் கடந்து வந்தால்தான் அறிவு என்ற எண்ணம் நமக்கு எப்படி வந்தது? இது காற்பந்துக்கு மட்டுமான கேள்வியா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

அந்த நேரத்தில்தான் நம்மவர் ஒருவர் கதைக்குள் வருகிறார். அவர் என். கணேசன். 1976இல் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் தலைவரானவர். ஜாலான் புசார் அரங்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற ரசிகர்களைக் காலாங்கின் தேசிய விளையாட்டரங்கத்துக்குக் கொண்டுசென்றதில் பெரும் பங்கு அவருடையது. 1973இல் திறக்கப்பட்ட அந்த அரங்கத்தில் அன்று 55,000 பேர் அமர முடிந்தது. அவ்வளவு கூட்டம் வருமா என்று பலர் ஐயப்பட்டார்கள். கூட்டம் வந்தது. காலாங் முழக்கம் என்று இன்றும் பேசப்படும் அந்தப் பேரொலி அப்படித்தான் பிறந்தது.

ஆனால் முழக்கம் மட்டும் கிண்ணத்தைக் கொண்டுவருமா? 1975 இறுதியாட்டத்தில் சிலாங்கூரிடம் 1-0 தோல்வி. 1976இல் அதே சிலாங்கூரிடம் 3-0 தோல்வி. எங்கள் அப்பாவுக்கு இனிப்பான நினைவுகள் இவை, சிங்கப்பூரர்களுக்கோ ஆறாத புண். இந்த நிலையில்தான் அறுபது வயதைத் தாண்டிவிட்ட அங்கிள் சூவிடம் அணி மீண்டும் ஒப்படைக்கப்பட்டது.

1977

அவ்வாண்டு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று ஆட்டங்கள் சிங்கப்பூரில் நடந்தன. மொக்தார் டஹாரி, சோ சின் ஆன் போன்றோர் ஆடிய பொற்காலம் மலேசியாவுக்கு. ஆசியாவே அந்த அணியைக் கண்டு அஞ்சியது. அந்த மலேசியாவைச் சிங்கப்பூர் 1-0 என்று வென்றது. சுற்றின் இறுதியில் ஹாங்காங்கிடம் 1-0 என்று தோற்றதால் மேலே செல்ல முடியவில்லை என்பது வேறு கதை.

என்னை யோசிக்கவைத்தது அந்த மலேசிய ஆட்டம்தான். இருபது ஆண்டுகளுக்கு முன் மலாயாவுக்கு வெற்றியைக் கற்றுக்கொடுத்தவர், இப்போது எதிர்ப்பக்கக் கோட்டில் நின்று அதே நாட்டைத் தோற்கடிக்கிறார். அவரை யாரும் துரோகி என்று சொல்லவில்லை. அவர் முன்பு செய்த வேலையும் பொய்யாகிவிடவில்லை. எந்தத் திடலில் நின்றாரோ அங்கே முழு மனத்தோடு நின்றார், அவ்வளவுதான்.

1977 மே 28. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் எதிரணி பினாங்கு. சிங்கப்பூரிலிருந்து ரசிகர்கள் திரளாகச் சென்றிருந்தார்கள். ஆட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. குவா கிம் சோங் வெற்றிக் கோலை அடித்தார். 3-2. பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது.

அன்று அணித்தலைவர் யார் தெரியுமா? சமத் அல்லாபிச்சை. பெயரிலேயே தமிழ் மணக்கிறதல்லவா? தற்காப்பின் நடுவில் மதில் போல் நின்றவர். கோல் காத்தவர் யூரேசியரான எரிக் பேய்ன். முன்னணியில் மலாய்க்காரரான டோல்லா காசிம், பக்கத்தில் சீனரான கிம் சோங். அந்தப் பத்தாண்டில் சிங்கப்பூருக்கு ஆடியவர்களில் எஸ். ராஜகோபாலும் ஒருவர். வாழைப்பழம்போல் வளைந்து செல்லும் அவருடைய உதைக்கு ரசிகர்கள் மயங்கிக் கிடந்தார்கள். எத்தனை இனங்கள், எத்தனை மொழிகள்! அத்தனை பேரையும் ஒரு குடும்பமாக்கியவர் கோட்டுக்கு வெளியே நின்ற அந்த முதியவர்.

கொடுத்த விலை

இந்த வெற்றிக்கு அவர் கொடுத்த விலையைப் பலர் அறியமாட்டார்கள். அவருக்கு நீரிழிவு நோய் இருந்தது. அந்தக் காலக்கட்டத்தில் பயிற்சித் திடலில் அவர் காலில் காயம் பட்டது. நீரிழிவுக்காரருக்குக் காலில் சிறு கீறல் பட்டாலும் ஆபத்து என்பது நம் வீடுகளில் நன்கு தெரிந்த செய்தி. நரம்பு மரத்துப்போவதால் வலி தெரியாது, இரத்த ஓட்டம் குறைவதால் புண் ஆறாது. ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் அவர் திடலை விட்டு அகலவில்லை. புண் முற்றியது. பிறகு காலையே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

1980இல் சிங்கப்பூர் மீண்டும் மலேசியக் கிண்ணத்தை வென்றது. இம்முறை தோற்றது சிலாங்கூர். பயிற்றுநர் ஜித்தா சிங். அங்கிள் சூவிடம் பாடம் கற்றவர். ஆசான் கோட்டுக்கு வெளியே நிற்க முடியாமற்போன பிறகும் அவருடைய பாடம் திடலில் நின்றது. 1983 ஜூன் 30ஆம் நாள், தமது 68ஆம் வயதில், அங்கிள் சூ மறைந்தார்.

ஏன் இவரைப் பற்றி?

தொடக்கத்தில் வைத்த கேள்விக்கு வருகிறேன். தமிழ் மலரில் இவருக்கு என்ன இடம்?

பெரியவர்களைத் தேடும்போது நாம் பெரும்பாலும் பெயரைப் பார்த்துத்தான் தேடுகிறோம். நம் பெயர் இருந்தால் நம்மவர். அப்படித் தேடினால் அல்லாபிச்சையும் ராஜகோபாலும் கணேசனும் கிடைப்பார்கள். அவர்களைக் கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அல்லாபிச்சை தலைமை தாங்கிய அணியை வார்த்தெடுத்த கை எந்தப் பட்டியலிலும் வராமல் போய்விடும். தமிழ்ப் பிள்ளையை ஆளாக்கிய ஆசிரியர் எந்த இனத்தவராக இருந்தாலும் அவருக்கு நன்றி சொல்வது நம் மரபு. அந்த மரபுப்படியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எனக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. இங்கே படிக்கும் மலேசிய மாணவர்கள் பலரைப் போல நானும் கல்வி மானியம் பெற்றவன். பட்டம் பெற்றதும் மூன்றாண்டுகள் இங்கே வேலை செய்யவேண்டும். அதன் பிறகு நிரந்தரவாசம், குடியுரிமை என்று கேள்விகள் வரிசையில் நிற்கின்றன. விடுதியில் மலேசியாவும் சிங்கப்பூரும் மோதும் ஆட்டத்தைப் பார்க்கும்போது நண்பர்கள் விளையாட்டாகக் கேட்பார்கள், நீ எந்தப் பக்கம் என்று. நான் சிரித்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். வீட்டில் அப்பா இதே கேள்வியைக் கேட்டால் அதில் விளையாட்டு இல்லை. என்னிடம் இன்னும் பதிலும் இல்லை. ஆனால் அங்கிள் சூவின் வாழ்க்கையைப் படித்த பிறகு ஒன்று புரிகிறது. ஓர் இடத்துக்கு முழு மனத்தோடு உழைப்பதற்கு, முந்தைய இடத்தை மறுக்க வேண்டியதில்லை. எங்கே நின்றாலும் அரை மனத்தோடு நிற்பதுதான் தவறு.

ஃபேரர் பார்க் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. அங்கே வீவக வீடுகளும் புதிய விளையாட்டு வசதிகளும் அமையும் என்று 2021இல் அறிவித்தார்கள். வீடுகளும் வேண்டியவைதாம். பழைய ஜாலான் புசார் அரங்கமும் இடிக்கப்பட்டு 2003இல் புதிதாக எழுந்தது. ஓராண்டு, ஈராண்டில் பட்டம் பெற்று இவ்வூரிலேயே வேலை தேடப்போகும் நண்பர்களே, அடுத்த ஞாயிறு சிராங்கூன் சாலையில் சாப்பிட்டு முடித்ததும் உடனே ரயில் ஏறிவிடாதீர்கள். கால் மணி நேரம் நடந்து ஜாலான் புசார் அரங்கம் வரை போய் வாருங்கள். உள்ளே எந்தக் குழுவாவது பயிற்சியில் இருந்தால், பந்தோடு ஓடுபவரை மட்டும் பார்க்காமல், கோட்டுக்கு வெளியே நிற்பவரையும் ஒரு நிமிடம் பாருங்கள்.